மலையூரில் ஓட்டல் தொடங்குகிறீர்களா? உணவு பாதுகாப்பு விதிகளும் அபராதங்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் புதிதாக ஓட்டலோ மெஸ்ஸோ போடுகிறவர்கள் இடம், அட்வான்ஸ், மாஸ்டர் சம்பளம், சீசன் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். உணவு பாதுகாப்பு மட்டும் ‘ஒரு சர்டிபிகேட் வாங்கி மாட்டினால் போதும்’ என்ற அளவில் நின்றுவிடும். சமவெளியில் சமையல் வேலை பார்த்துவிட்டு மலையேறி வருகிறவர்களுக்கு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்: குளிர் ஊர், இங்கே எது கெடப்போகிறது? நோட்டீஸ் வாங்கித் தருவதில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. உரிமத்தில் தொடங்கி நோட்டீஸ் வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

உரிமம்: யார் பெயரில், எந்த முகவரிக்கு

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான்: உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. இந்தச் சட்டத்தில் சிறு வியாபாரத்துக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று இரண்டு நிலைகள். 2011 விதிமுறைகளின்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் மாநில உரிமம், ஓட்டல்களுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே விண்ணப்பிக்கும் அன்று உணவு உரிமங்களுக்கான பாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் உங்கள் தொழில் வகையைக் கொடுத்து, எந்த நிலை என்று பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள். குறைந்த கட்டணத்துக்கு ஆசைப்பட்டு விற்றுமுதலைக் குறைத்துக் காட்டினால் ஜி.எஸ்.டி. கணக்கே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

விண்ணப்பத்தோடு உரிமையாளரின் அடையாள ஆவணம், இடத்துக்கான பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், உபகரணப் பட்டியல், அளவுகளோடு சமையலறை வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கூட்டு வியாபாரமோ கம்பெனியோ என்றால், இந்தச் சட்டப்படி யார் பொறுப்பு என்று ஒருவரை நியமிக்கும் படிவமும் வேண்டும். அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் யோசித்துப் போட வேண்டும். வழக்கு வந்தால் முதலில் அழைக்கப்படுகிறவர் அவர்தான். பதிவு விண்ணப்பத்துக்கு 7 நாளுக்குள் பதில் வர வேண்டும். உரிமத்துக்கான காலம் இரண்டு மாதம். ஏப்ரல் சீசனுக்குக் கடை திறக்க நினைக்கிறவர் ஜனவரியிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.

மலையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டலை சீசனுக்கு மட்டும் லீசுக்கு எடுப்பார்கள். சுவரில் பழைய முதலாளியின் உரிமம் தொங்கும், அதன் பேரிலேயே வியாபாரம் நடக்கும். உரிமம் அந்த ஆளுக்கும் அந்த முகவரிக்கும் உரியது. கடையோடு சேர்ந்து கைமாறாது. லீசுக்கு எடுத்தவர் சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாமல் நடத்துகிறவர். காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துவோரும் தங்க வருகிறவர்களுக்குக் காசு வாங்கிச் சமைத்துப் போட்டால் பதிவோ உரிமமோ எடுத்தாக வேண்டும்.

கிடைத்த 14 இலக்க எண்ணை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். பில் மெஷினில் பழைய கடையின் எண் அப்படியே ஓடுகிறதா என்று ஒருமுறை அச்சடித்துப் பாருங்கள். இவை தவிர நகராட்சி அல்லது பேரூராட்சியின் தொழில் உரிமமும் தேவை. மலைப்பகுதியில் கட்டட அனுமதி கடும் கெடுபிடி உள்ள விஷயம் என்பதால், வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே கட்டடம் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். சீல் வைத்த கட்டடத்தில் எந்த உரிமமும் உதவாது.

தண்ணீர்

ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது என்பது மலையூர்ப் பேச்சு. சட்டம் கேட்பது குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-க்கான பரிசோதனை அறிக்கை. நகராட்சிக் குழாய், கிணறு, ஊற்று, லாரித் தண்ணீர் என்று எங்கிருந்து எடுத்தாலும் அறிக்கை வேண்டும், அதில் நுண்ணுயிர்ப் பரிசோதனையும் இருக்க வேண்டும். மாதிரியை மூலத்திலிருந்து எடுக்காமல், சமையலறையில் நீங்கள் பிடிக்கும் குழாயிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இடையில் உள்ள டேங்க்தான் பல இடங்களில் வில்லன். மழை தொடங்கியதும் மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் ஊற்றில் கலக்கும். கோடையில் சுத்தம் என்று வந்த அறிக்கை ஜூலைக்குப் பொருந்தாது.

டேங்கைக் கழுவிய தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது இங்கே பழகிய அளவு. அதை அப்படியே டேங்கில் கொட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட வேண்டும். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாக வேலை செய்யும் என்பதால் இன்னும் கொஞ்சம் விட்டால் நல்லது. பிறகு குழாயில் பிடித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் குறைந்தது 0.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒன்று பவுடர் பழசு, இல்லை டேங்கில் பாசியும் சேறும் குளோரினைத் தின்றுவிட்டன.

குளிர் தரும் பொய்த் தைரியம்

உணவில் கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. ஊட்டியின் பகல் வெப்பநிலை இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. தை மாத உறைபனி இரவில் வெளியே புல் வெளுத்துக் கிடக்கலாம், ஆனால் நாள் முழுக்க அடுப்பு எரிந்த சமையலறைக்குள் அந்தக் குளிர் வராது.

இரவு பத்து மணிக்கு மிஞ்சிய சாம்பாரை 40 லிட்டர் குண்டானோடு மூடி, பின்கட்டில் வைத்துவிட்டுப் போவது பல கடைகளில் வழக்கம். காலையில் மூடியைத் திறந்தால் மேலே ஆடை கட்டிச் சில்லென்று இருக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பாருங்கள், நடுவில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். ராத்திரி முழுக்க அந்த நடுப்பகுதி கிருமிக்கு ஏற்ற சூட்டில் கிடந்திருக்கிறது. கறிக் குழம்பு, பிரியாணி, பருப்பு என்று அடர்த்தி கூடக் கூட ஆறுவது இன்னும் தாமதமாகும். சோற்றிலும் கறியிலும் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, இந்தச் சூட்டில் முளைத்துப் பெருகும். அவற்றில் சில வகை உருவாக்கும் நச்சு, காலையில் திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. ‘நல்லா சுட வெச்சுத்தானே குடுத்தோம்’ என்ற பதில் எடுபடாமல் போவது இதனால்தான்.

சரியான முறை இது. மிஞ்சியதை உடனே இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலத் தட்டுகளில் ஊற்றுங்கள். தட்டுக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வைத்துக் கிளறுங்கள். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அதன்பின் தாமதமில்லாமல் ஃப்ரிட்ஜுக்குள் போய் 5 டிகிரியைத் தொட வேண்டும். மேலே ஸ்டிக்கர் ஒட்டி, பெயரும் தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் சுட வைக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு 2 நிமிடம் அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவது, பரிமாறும் சூடுப் பெட்டியில் வைத்தே சூடாக்குவது இரண்டும் கூடாது. ஒருமுறை சுட வைத்தது மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பரிமாறும் இடத்தில் குளிர் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. கதவு திறந்தே கிடக்கும் ஓட்டலில், மூடியில்லாத பாத்திரத்தில் குருமா வேகமாக அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். சூடுப் பெட்டியில் தண்ணீர் ஆவி பறக்கிற அளவு சூடான பிறகு பாத்திரத்தை இறக்குங்கள். சிறு பாத்திரத்தில் அடிக்கடி நிரப்புங்கள்.

இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கக் கொதிநீரில் விட்டு 100 காட்ட வேண்டும் என்று கீழ்நாட்டில் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அது தப்பு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட 92–93 டிகிரியிலேயே கொதிக்கும், கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே அளவு, குன்னூரில் 94 சுமார். அதை 100 என்று திருத்தி வைத்தால் கருவி 7 டிகிரி கூட்டிக் காட்டும்; 68 டிகிரி கோழியை 75 என்று நம்பி இறக்கிவிடுவீர்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் சோதியுங்கள். எந்த உயரத்திலும் அங்கே 0 காட்ட வேண்டும். கோழி, ஆட்டுக்கறிக்கு எலும்போரம் குத்திப் பார்த்து 75 டிகிரி தொட்டால் போதும்; அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம்.

ஃப்ரிட்ஜ், கரண்ட், கறி வண்டி

ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள், ஃப்ரீசர் மைனஸ் 18. தினமும் காலையும் மாலையும் எழுதும் அட்டை ஒன்றைக் கதவிலேயே ஒட்டுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் முப்பது நாளுக்கும் ‘4, 4, 4’ என்று நிரப்பிய அட்டையை எந்த அலுவலரும் நம்ப மாட்டார். பச்சைக்கறி கீழ்த் தட்டில், சமைத்தது மேல் தட்டில். சைவ, அசைவ கட்டிங் போர்டும் கத்தியும் தனித்தனி.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சாதாரணம். திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்தது ஒரு நாள். கரண்ட் போன நேரத்தைக் குறித்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. மீனும் கோழியும் சமவெளியிலிருந்து மலைச்சாலையில் ஏறி வருகிறவை. மண்சரிவில் வண்டி நின்றால் ஐஸ் உருகி, சரக்கு ரத்தத் தண்ணீரில் மிதந்து வரும். வாங்கும்போது தெர்மாமீட்டரைப் பொட்டலங்களுக்கு நடுவே சொருகிப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். கறிக்கடை பில்லை எறியாமல் கோப்பில் சேருங்கள். பிரச்சினை எங்கே தொடங்கியது என்று காட்ட அந்தத் துண்டுக் காகிதம் வேண்டும்.

ஸ்டோர் ரூம்

கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்கு, குன்னூரிலும் கொடைக்கானலிலும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று ஆண்டில் பாதி நாள் சுவர் வியர்க்கும். அரிசி, மைதா, மிளகாய் மூட்டைகளைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் சாய்க்காதீர்கள். அரை அடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் கை நுழையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த மிளகாயையும் நிலக்கடலையையும் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவது ஆபத்து. பூஞ்சை நச்சு வெயிலிலும் போகாது, வறுத்தாலும் போகாது. சீசன் முடிந்த பிறகு மிஞ்சும் காலாவதிப் பொட்டலங்கள் சோதனையில் எளிதில் மாட்டும் பொருள். அவற்றை ‘திருப்பி அனுப்ப’ என்று எழுதிய தனிப் பெட்டியில் போடுங்கள். அலமாரியில் இருந்தால் விற்பனைக்கு வைத்ததாகத்தான் கணக்கு.

வேலை ஆட்கள்

உணவைத் தொடும் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைச் சான்று, டைபாய்டு தடுப்பூசி. சீசனுக்கு வந்து போகும் ஆட்களுக்கும் இதே விதிதான். ‘நேத்துத்தான் வந்தான் சார்’ என்பது பதிலாகாது. புது ஆள் வந்த அன்றே மருத்துவரிடம் அனுப்பி, சான்று வரும்வரை உணவோடு சம்பந்தமில்லாத வேலையில் வையுங்கள். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, கையில் சீழ்ப்புண் உள்ளவரை அடுப்படியில் நிறுத்தக் கூடாது. சம்பளம் பிடிப்பீர்கள் என்று பயந்தால் அவர் சொல்லவே மாட்டார், ஆகவே விடுப்புச் சம்பளத்தை முன்பே பேசி முடித்துவிடுவது உங்களுக்கே லாபம்.

25 பேருக்கு ஒருவர் வீதம் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவு பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். கை கழுவத் தனி சிங்க், சோப்பு. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் யாரும் இருபது விநாடி கை கழுவ மாட்டார்கள். சிங்க்குக்கு ஒரு சிறு கெய்சர் போட்டுக் கொடுங்கள். எத்தனை போர்டு எழுதி மாட்டினாலும் கெய்சர் செய்யும் வேலையைச் செய்யாது.

எண்ணெய், சாயம், மயோனைஸ், டீத்தூள்

பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாவதால் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. கருவி இல்லாதவர் மூன்று முறைக்கு மேல் சூடாக்காமல் இருப்பது பாதுகாப்பு. நுரை அடங்காமல் பொங்குவதும் நிறம் கறுத்துப் பிசுபிசுப்பதும் எண்ணெய் முடிந்துவிட்டதற்கான அறிகுறிகள். மாலை பஜ்ஜி போட்ட எண்ணெயில் மறுநாள் தாளிப்பது, பழசில் புதுசை ஊற்றிக்கொண்டே போவது இரண்டையும் நிறுத்துங்கள். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் பயன்படுத்திய எண்ணெய்க்குப் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், பிரியாணியில் செயற்கைச் சாயம் வேண்டாம். நிறம் வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய் போதும். ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்ததால் பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் தடை வந்தது. பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. தடை இருக்கிறதா முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிராமல் முட்டையில்லாத மயோனைசுக்கே மாறிவிடுங்கள். ஷவர்மா போடுகிறவர்கள் கம்பியில் மிஞ்சிய கறியை மறுநாளுக்கு வைக்கவே கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபின் இந்த உணவின் மீதான சோதனை எங்கும் இறுகிவிட்டது.

தேயிலை விளையும் ஊரிலேயே சாயத் தூள் விற்கிறது என்பது வெட்கக்கேடு. வாங்கும் டீத்தூளில் ஒரு சிட்டிகையை வடிதாள் மேல் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் லேசான கறைதான் விடும். திட்டுத்திட்டாகக் கருஞ்சிவப்பு படிந்தால் அந்தக் கடைக்காரருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் வர்க்கியும் வீட்டுச் சாக்லேட்டும் பொட்டலம் போட்டு விற்றால் பெயர், சேர்பொருள், எடை, தயாரித்த தேதி, காலாவதி, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சைவக் குறி எல்லாம் லேபிளில் வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலம் விற்பவரையும் மாட்டிவிடும்.

பார்சலும் கழிவும்

அச்சடித்த செய்தித்தாளில் பஜ்ஜி, வடை மடிக்கக் கூடாது. மை உணவில் இறங்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதற்கு மேல் 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கும் கட்டுப்பாடு. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் தடைப் பட்டியலில் உள்ளவையே, காகிதம் என்று சொல்லித் தப்ப முடியாது. கவரில் சாம்பார் கட்டுவதற்கு மாற்றாக, டெபாசிட் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கு கொடுக்கலாம். உலர்ந்தவற்றுக்கு வாழை இலையும் பாக்குமட்டையும் உண்டு. குடிக்க வடிகட்டிய தண்ணீரை ஜக்கில் வையுங்கள், வடிகட்டியின் பராமரிப்பு ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

கழிவுத் தொட்டி மூடியோடு, மிதித்துத் திறப்பதாக, சமையலறைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றும் வேண்டும். வெளித்தொட்டியைச் சமவெளியில் நாய் உருட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி உருட்டும், காட்டெருமை வரும், எங்கும் குரங்கு உண்டு. கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்து, இரவு கடை சாத்தும் முன் காலி செய்யுங்கள். உணவு பாதுகாப்பு அலுவலரோடு வனத்துறையையும் அழைத்து வரும் வழி திறந்த தொட்டிதான். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையில் விடுவது தனி வழக்காகும்; கொழுப்பு தேங்கும் தொட்டி வழியாகவே வெளியேற்றுங்கள்.

அலுவலர் வரும்போது

உணவு பாதுகாப்பு அலுவலர் எந்த நியாயமான நேரத்திலும் வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை, பார்த்த பிறகு வழிவிடுவது கடமை. கதவை மூடுவது, சரக்கை ஒளிப்பது தனிக் குற்றம்: பிரிவு 62-இல் 3 மாதம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். கடையில் பொறுப்பான ஒருவர் அவரோடு நடந்து, சுட்டிக்காட்டுவதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். உரிமம், தண்ணீர் அறிக்கை, மருத்துவச் சான்றுகள், பூச்சிக் கட்டுப்பாடு ரசீது, வெப்பநிலை அட்டை, கொள்முதல் பில்கள் ஆகியவை ஒரே கோப்பில் கல்லாவிலேயே இருக்கட்டும். முதலாளி வீட்டில் பூட்டி வைத்த கோப்பு இல்லாத கோப்புதான்.

மாதிரி எடுத்தால் அதற்கான விலையை அவர் கொடுப்பார், வாங்கிக்கொண்டு பில் போடுங்கள். சட்டப்பூர்வ மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடுவார்கள். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட உணவு பாதுகாப்புத் துறையின் தலைவரான நியமன அலுவலருக்கு. நான்காவதை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி அப்போதே எழுத்தில் கேட்கலாம். இதைத் தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். மலையிலிருந்து மாதிரி கோவை, மதுரை போன்ற ஊர்களுக்கு இறங்கிப் போக வேண்டியிருப்பதால், கெடும் பொருளை எந்த நிலையில் எடுத்து எப்படி அடைத்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பகுப்பாய்வு அறிக்கை 14 நாளுக்குள் வர வேண்டும். அது பாதகமாக இருந்தால், கைக்கு வந்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து மறு ஆய்வுக்கு அனுப்பக் கேட்கலாம். 31-ஆம் நாள் கேட்டுப் பயனில்லை.

எந்தத் தவறுக்கு எவ்வளவு

கீழே உள்ளவை எல்லாம் உச்சவரம்புகள். சுகாதாரமற்ற முறையில் தயாரித்தல் (பிரிவு 56) 1 லட்சம் வரை. உணவில் கல், முடி, பூச்சி போன்ற அந்நியப் பொருள் (54) 1 லட்சம் வரை. தரம் குறைந்த உணவு (51) 5 லட்சம் வரை. தவறான லேபிள் (52) 3 லட்சம் வரை. கலப்படப் பொருள் வைத்திருந்தால் (57) தீங்கற்றதற்கு 2 லட்சம், தீங்குள்ளதற்கு 10 லட்சம் வரை. அலுவலர் சொன்னதைச் செய்யாமல் விடுவதற்கு (55) 2 லட்சம் வரை. சுத்தக் குறைவுக்கான அபராதத்தைவிட இது இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். உரிமமின்றி நடத்தினால் (63) முன்பு 6 மாதச் சிறையும் 5 லட்சமும் இருந்தன. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை நீக்கி 10 லட்சம் வரை என்று உயர்த்தியது.

இந்தப் பட்டியலில் இதுவரை சொன்ன அபராதங்களை விதிப்பது தீர்ப்பு அலுவலர், தமிழகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர். பாதுகாப்பற்ற உணவு (59) என்றால் வழக்கு நீதிமன்றம் போகும். யாருக்கும் பாதிப்பில்லாவிட்டாலும் 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும். உடல்நலக் கேடு ஏற்பட்டால் 1 ஆண்டு வரை, 3 லட்சம் வரை. கொடுங்காயம் என்றால் 6 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம். அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. இவற்றுக்கு மேல் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உண்டு, மரணத்துக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல்.

தொகையை முடிவு செய்யும்போது பிரிவு 49-இன்படி தவறால் கிடைத்த லாபம், பிறருக்கு ஏற்பட்ட இழப்பு, திரும்பத் திரும்ப நடந்ததா, தெரிந்தே செய்ததா என்பவற்றைப் பார்ப்பார்கள். தேதியிட்ட பதிவேடுகளுக்கு மதிப்பு வருவது இங்கேதான். சிறு வியாபாரிகளின் சிறைத்தண்டனை இல்லாத குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள பிரிவு 69 வழி செய்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் எதையும் கட்டாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால்

பெரும்பாலும் முதலில் வருவது பிரிவு 32-இன் மேம்பாட்டு நோட்டீஸ். எது குறை, எந்த விதி, என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. அன்றே ஒவ்வொரு குறைக்கும் எதிரே செய்த வேலை, தேதி, ரசீது எண், போட்டோ என்று பதில் தயாரியுங்கள். டைல்ஸ் மாற்றுவது போன்ற வேலைக்கு மலையில் ஆளும் சாமானும் கிடைக்கத் தாமதமாகும் என்றால், கெடு முடிவதற்கு முன்பே வேலை ஆணையின் நகலோடு கூடுதல் நாள் கேட்டு எழுதுங்கள். கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படும், அதன் பிறகும் என்றால் ரத்து. நோட்டீஸை எதிர்ப்பதானால் 15 நாளுக்குள் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு.

மக்களுக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் பிரிவு 34-இல் அவசரத் தடை வரும், அது வந்தால் கடையை மூடித்தான் ஆக வேண்டும். ஆபத்தை நீக்கிவிட்டுச் சான்று கேட்டு விண்ணப்பித்தால் 7 நாளுக்குள் அது தரப்பட வேண்டும். தரவில்லையென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

வழக்கு தீர்ப்பு அலுவலரிடம் போனால் விசாரணை நாளில் நீங்களோ உங்கள் பொறுப்பாளரோ கட்டாயம் போங்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகும். உத்தரவை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். மேல்முறையீடும் செய்யாமல் அபராதமும் கட்டாமல் இருந்தால், அது நிலவரி பாக்கி போல வசூலிக்கப்படும்; கட்டும்வரை உரிமமும் நிறுத்திவைக்கப்படும். ஒருமுறை தண்டிக்கப்பட்ட குற்றத்தையே மீண்டும் செய்தால் பிரிவு 64-இன்படி தண்டனை இரட்டிப்பு, தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1 லட்சம் வரை, உரிமம் ரத்து. கடையை விற்கும்போதோ லீசுக்கு விடும்போதோ உங்கள் பெயரில் உள்ள உரிமத்தைப் பாஸ்கோஸில் ஒப்படைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் செய்யும் தவறுக்கான நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும்.